மூன்று தவணையில் செத்த மாடு

தூர்க்கு நகரில் அவுரா ஆற்றங்கரையை ஒட்டி 'கரைக்காவல்' என்று ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு இருக்கிறது. பன்னிரண்டு வீடு, ஒரே படிக்கட்டு. அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. சண்டை எதுவும் கிடையாது, எல்லாம் மரியாதைதான். வெளியே கிளம்புமுன் கதவில் இருக்கும் கண்ணாடித் துளை வழியாகப் படிக்கட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அவர் போய்ச் சேரும்வரை, மேல்கோட்டும் தொப்பியும் மாட்டியபடி உள்ளேயே நிற்பார்கள். இரண்டாம் மாடியில் ஒரு தடவை எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் சாவியை எடுத்துவிட்டார்கள். அந்தச் சாவிச் சத்தம் இந்தப் பக்கமும், இந்தச் சாவிச் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டுவிட்டது. அவர் முதலில் போகட்டும் என்று இவரும், இவர் முதலில் போகட்டும் என்று அவரும் காத்திருந்ததில் ஈஸ்டர் விடுமுறை நான்கு நாளும் முடிந்துபோயிற்று.

பேச வேண்டியதை எல்லாம் கீழ்வாசலில் இருந்த நோட்டீஸ் பலகை பேசியது. 'துவைக்கும் அறையில் ஒற்றைச் சாக்ஸ் கிடக்கிறது. மற்றது எங்கே என்று உரியவருக்குத் தெரியும்.' 'சானா நீராவிக் குளியலறையில் என் முறை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அல்ல.' எதிலும் பெயர் இருக்காது. எல்லாவற்றின் கீழும் 'ஒரு குடியிருப்பவர்' என்றுதான் இருக்கும். வெளியாள் யாராவது அந்தப் பலகையைப் படித்தால் அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான் குடியிருக்கிறார், அவருக்குத் தன்னோடேயே ஒத்துப்போகவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டாம் மாடி ஆறாம் எண்ணில் சூலோ வைனிக்கா இருந்தார். வயது எழுபத்தொன்று. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை இலவசமாகக் கொண்டுபோய் விடும் சிறு படகை முப்பத்தொரு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த இடத்தில் ஆற்றின் அகலம் எண்பது மீட்டர்கூடத் தேறாது. அவர் ஓட்டிய தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் பூமியை ஏறக்குறைய இரண்டு சுற்று வரும். ஆனால் ஊர் எல்லையை ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. இப்படியே போய்ப் போய் வந்ததில் அவருக்குள் ஒரு நம்பிக்கை படிந்துவிட்டது. உலகத்தில் எதற்கும் இரண்டு கரைதான் உண்டு. தப்பு என்று ஒன்று நடந்தால் அது அந்தக் கரையில்தான் நடந்திருக்கும்.

மனைவி மார்க்கெத்தா முப்பது வருடத்துக்கு முன்பே, சத்தம் தாங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுக் காட்டுப்பக்கமாகப் போய்க் குடியேறிவிட்டாள். டவுன் சத்தத்தைச் சொல்கிறாள் என்று சூலோ புரிந்துகொண்டார். வருத்தப்பட்டார், ஆனாலும் நியாயம் என்றே பட்டது. வாசலில் பஸ் போகிற வீடு அது.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து மதியம் இரண்டு முதல் மூன்று வரை தூக்கம். எட்டு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

அந்த ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. நகராட்சி ஆஸ்பத்திரியில் அவருக்குக் காது மெஷின் கொடுத்தார்கள், குளிக்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். சொன்னதைச் செய்கிறவர் என்பதால் தூங்கும்போதும் போட்டுக்கொண்டார். இன்னொன்று, தலைக்கு மேலே மூன்றாம் மாடி ஒன்பதாம் எண்ணுக்கு வடக்கே குஹ்மோ பக்கத்திலிருந்து ஹில்லா என்று ஒரு இசைப்பள்ளி மாணவி வாடகைக்கு வந்தாள். சவப்பெட்டியின் குட்டி போல ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் படியேறியதைச் சூலோ கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தார். பசூன் என்கிற ஊதுகுழல். ஆள் உயரத்துக்கு வரும், நம் நாதஸ்வரத்துக்கு இருப்பது போல அதற்கும் சீவாளி உண்டு.

கோடை முடிந்து ஊருக்குள் மாணவர்கள் திரும்பியிருந்தார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக முழு உடுப்பு மாட்டிக்கொண்டு, புதிதாகச் சேர்ந்தவர்களைக் கயிற்றில் கோத்து ஆற்றங்கரை நெடுக இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். அந்தக் கூச்சல் எதுவும் சூலோவைத் தொந்தரவு செய்யவில்லை. தொந்தரவு செய்தது வேறு ஒன்று. மதியத் தூக்கத்தின் நடுவில், அடிவயிற்றிலிருந்து கிளம்பும் ஒரு முக்கல். பிறகு ஒரு மௌனம். பிறகு சுவரையே கிழிக்கிற மாதிரி ஒரு இழுப்பு. அவர் திடுக்கிட்டு விழிப்பார். விழித்ததும் நின்றுவிடும். தினமும் இதே கதை. துறைமுகப் பக்கம் வந்திருந்த எஸ்தோனிய இழுவைக் கப்பல் ஒன்று, அதைக் கேட்டு மூன்று முறை பதில் ஊதல் கொடுத்ததாக அப்போதைய கேப்டனே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இருபது நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு காலை முழுக்க உட்கார்ந்து எழுதினார்.

'மதிய வேளையில், மாடு ஒன்று மூன்று தவணையில் சாவது போன்ற ஓசையை எழுப்புபவர், அதை வேறு எங்காவது வைத்துக்கொள்ளவும். ஒரு குடியிருப்பவர்.'

மூன்று தவணை என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. பலகையில் குத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல நான்கு தடவை குப்பை கொட்டப் போய் அதைப் படித்துவிட்டு வந்தார்.

மறுநாள் அதன் அடியிலேயே, உருண்டை உருண்டையான கையெழுத்தில் பதில் இருந்தது. 'மன்னிக்கவும். இனி வீட்டில் வாசிக்க மாட்டேன். எப்படிக் கேட்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. இதுவரை யாரும் சொன்னதில்லை. ஹில்லா, 9.'

அந்தப் பலகையில் பெயர் போட்டு வந்த முதல் நோட்டீஸ் அது. சூலோவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, யாரோ உடுப்பில்லாமல் படிக்கட்டில் நிற்பதைப் பார்த்த மாதிரி. ஆனாலும் காரியம் முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தார். இரண்டரைக்கு மாடு செத்தது.

கோபம் வந்துவிட்டது. அக்டோபரில் இரண்டாவது நோட்டீஸ் போட்டார். 'வாக்குக் கொடுத்தவர்கள் அதைக் காப்பாற்றுவது இந்தக் கட்டடத்தில் வழக்கம்.' பதில் சாயங்காலமே வந்தது. 'நான் வாசிக்கவில்லை. கத்தியால் சீவாளி சீவிக்கொண்டிருந்தேன். அதுவும் கேட்கிறது என்று தெரியாது. அதையும் நிறுத்திவிடுகிறேன். ஹில்லா, 9.'

நவம்பரில் வழக்கம் போலச் சேறும் பனியும் கலந்து கணுக்கால் வரை வந்தது. இருட்டு அந்த வருடம் அவ்வளவு கெட்டி. எதிர்வீட்டு ரெய்யோ ஒரு நாள் மாலை கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியதாக நினைத்து இருட்டின் மேலேயே மாட்டிவிட்டார், காலை பத்தரை வரை அது விழவில்லை. பள்ளியில் பயிற்சி அறை ஆறு, மாணவர் அறுபது பேர். மிச்ச நேரத்துக்கு ஹில்லா ஆற்றுப் பாலத்தின் அடியில் போய் நின்று வாசிக்கத் தொடங்கினாள். சூலோ அதை ஒரே ஒரு தடவை பார்த்தார். டிசம்பர், ஆறு உறைய ஆரம்பித்திருந்தது. அவர் இந்தக் கரையில், அவள் அந்தக் கரையில். விரல் நுனி வெட்டிய கையுறை, மூக்குவரை ஏற்றிக்கட்டிய சால்வை. வாசிக்கும்போது மட்டும் சால்வையை இறக்குவாள். வாத்துகள் உயரவாரியாக வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தன. காற்று எதிர்த்திசையில் அடித்ததால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. மாடு இங்கேதான் சாகிறதா, நல்லது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தார். அன்றைக்கும் முக்கல், மௌனம், இழுப்பு. அவளுக்கு எதிர்க்கரையிலிருந்தே இவ்வளவு தூரம் எட்டுகிறது என்றால் திறமைசாலிதான் என்று ஒத்துக்கொண்டார்.

ஜனவரியில் போரியிலிருந்து அக்கா ரைலி வந்தாள். எழுபத்தாறு வயது, கையில் எப்போதும் பின்னல் ஊசி. மதியம் அவர் படுத்தார், அவள் பக்கத்து நாற்காலியில் சாக்ஸ் பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு இருபதுக்கு அவர் பதறி எழுந்து கூரையைக் காட்டினார்.

"கேட்டியா அக்கா?"

"கேட்டேன்."

"நாலு மாசமா இதே ரோதனை. எவ்வளவு சொல்லியும் நிறுத்த மாட்டேங்குறா."

ரைலி ஒரு கண்ணியை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அவ நிறுத்துறது எப்படிடா? நீ முழிச்சாத்தானே நிக்குது."

சூலோவுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டாம் என்றும் இருந்தது. அக்கா விடவில்லை. "குறட்டைடா. உன்னுது. காது மெஷின் வந்ததால இப்ப உனக்கே கேக்குது. சின்ன வயசுல நாய் வீட்டைவிட்டு ஓடினது எதுக்குன்னு நெனச்சே? மார்க்கெத்தா எதுக்குப் போனா?"

டவுன் சத்தம் என்று அவர் சொன்னார். ரைலி பின்னலை மடியில் போட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு நிமிஷம்தான் நீடித்தது. ஆனால் அதற்குள் சூலோ முப்பது வருடத்தைத் திரும்ப ஓட்டிவிட்டு வந்துவிட்டார். வாசலில் போகிற பஸ் சாயங்காலம் ஆறு மணியோடு நின்றுவிடும்.

பிறகு அவருக்கு மாடு நினைவுக்கு வந்தது. மூன்று தவணை நினைவுக்கு வந்தது. 'வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி' என்ற உருண்டைக் கையெழுத்து வந்தது. காதின் நுனியிலிருந்து சூடு கிளம்பிக் கழுத்துக்குள் இறங்கியது. ஜன்னலைத் திறந்து வைத்தார். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. சூடு குறையவில்லை, ஜன்னல் விளிம்பில் இருந்த பனிதான் உருகியது.

சொல்லிவிட வேண்டியதுதானே, பதினெட்டுப் படி ஏறி, கதவைத் தட்டி, ஒரு வாக்கியம். முதல் தடவை ஏலக்காய் பன் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். மணியை அழுத்தினார். உள்ளே கம்பளிச் செருப்பு நெருங்கி வரும் ஓசை கேட்டது. எழுபத்தொரு வயதில் பதினெட்டுப் படியை மூன்று எட்டில் இறங்கி, ஒரு பன்கூடச் சிந்தாமல் தன் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வித்தையை வேறு யாராவது செய்திருந்தால் ஊரே பாராட்டியிருக்கும்.

இரண்டாவது தடவை, நேரில் முடியாது, எழுதிவிடலாம் என்று முடிவு செய்தார். எழுதுவது அவருக்கு வரும். 'மதிய வேளை ஓசைக்குக் காரணம் ஆறாம் எண் வீட்டுக்காரரின் குறட்டை. ஒன்பதாம் எண்ணுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது வெட்கக்கேடு.' எழுதி முடித்ததும், முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகவே அடியில் எழுதியது: ஒரு குடியிருப்பவர். குத்திவிட்டு வந்து, ஹில்லா பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்காகக் காத்திருந்தார்.

அரை மணி கழித்துக் கதவு தட்டப்பட்டது. ரெய்யோ. எதிர்வீட்டில் பத்தொன்பது வருடமாக இருக்கிறவர். அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. கையில் கசக்கிய காகிதம்.

"யாரோ உங்களைப் பத்தி அசிங்கமா எழுதிப் போட்டிருக்கான். யாரும் பாக்குறதுக்கு முன்னாடி கிழிச்சுட்டேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

சூலோவின் வாய் திறந்தது. வெளியே வந்தது நன்றி என்ற சொல்தான். ரெய்யோ ஏன் காது மடல்வரை சிவந்திருந்தார் என்று அவர் யோசிக்கவில்லை. ஒருவரின் வெட்கத்தைத் தாங்கவே அவருக்கு இடம் போதவில்லை.

பிப்ரவரி முழுக்கத் தூங்காமல் இருந்து பார்த்தார். இரண்டு மணிக்குக் கெட்டியாகக் காப்பி குடித்துவிட்டு நின்றபடியே செய்தித்தாள் படித்தார். நின்றபடியே குறட்டை விட்டார்.

மார்ச்சில் பகல் நீண்டது. ஆற்றுப் பனிக்கட்டியின் மேல் நீல நிறத்தில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. ஒரு நாள் கண்ணாடித் துளையைப் பார்க்க மறந்து வெளியே வந்துவிட்டார். படிக்கட்டில் ஹில்லா. கையில் பெட்டி இல்லை. பெட்டி இல்லாமல் அவளைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஒரு கை குறைந்தவள் மாதிரி இருந்தாள். சந்தோஷமாகவே பேசினாள். பசூனைப் பள்ளியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். மே பதினைந்தாம் தேதி தேர்வு. அதற்கு வரமாட்டேன் என்று ஏப்ரல் முடிவதற்குள் கடிதம் போட்டுவிட்டால் மரியாதையாக விலகிக்கொள்ளலாம். இலையுதிர் காலத்தில் சரக்குப் போக்குவரத்துப் படிப்பில் சேரப்போகிறாள். சொந்த ஊரில் எல்லோரும் நன்றாக வாசிப்பதாகச் சொன்னார்கள், அங்கே பசூன் கேட்டவர்கள் யாரும் இல்லை என்பதை அவள் யோசிக்கவில்லையாம். நல்லவேளை, யாரோ ஒருவர் உண்மையைச் சொன்னார்.

கடைசியில் அவள் சொன்னாள், "நேர் கீழ்வீடு உங்களுதுதானே. உங்களுக்குத்தான் ரொம்பத் தொந்தரவா இருந்திருக்கும். மன்னிச்சுக்கோங்க."

சூலோ சொன்னார், "பரவால்ல."

அவள் தலையாட்டிவிட்டு மேலே போனாள். அவர் கீழே இறங்கி, வாசலைத் தாண்டி, ஆற்றங்கரைக்குப் போய், படகு நிற்கும் துறையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னித்துவிட்டேன். அவளை நான் மன்னித்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை உச்சரித்த வாயைக் கழற்றி ஆற்றில் எறியலாம் என்றால் ஆறு இன்னும் உறைந்துதான் கிடந்தது. கட்டியின் மேலேயே கிடக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள்.

ஏப்ரலில் பனி உடைந்து போனது. தெருவெல்லாம் குளிர்காலத்தில் கொட்டிய மணல் புழுதியாகக் கிளம்பியது. இருபத்தொன்பதாம் தேதி குடியிருப்பின் ஆண்டுக் கூட்டம், அடித்தளத்தில் துணி காயப்போடும் அறையில். வீட்டு உரிமையாளர்கள் பத்துப் பேர், காப்பி, பன். தலைமை நான்காம் மாடி பிர்கித்தா சோடர்லுண்ட். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், சட்டத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். ரெய்யோ பதிவேடு எழுதினார். கூரைத் தகரம், சானா விறகடுப்பு, சைக்கிள் கொட்டகை எல்லாம் முடிந்து 'இதர விஷயங்கள்' வந்தது. அந்த இடத்தில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்; எல்லோரும் கோட்டை எடுப்பதற்கான நேரம் அது. சூலோ எழுந்து நின்றார். கோட்டுக்காக எழுகிறார் என்று நினைத்து மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள்.

"அந்த மாட்டு நோட்டீஸை எழுதினது நான்," என்றார். "சத்தம் போட்டதும் நான்தான். குறட்டை. அந்தப் பொண்ணு மேல பழி போட்டுட்டேன்."

எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். பிர்கித்தா கண்ணாடியைக் கழற்றினார். "இது கூட்ட அழைப்புல குறிப்பிடாத விஷயம். சட்டப்படி இதுல முடிவு எதுவும் எடுக்க முடியாது."

"முடிவு வேணாம். உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

"தெரியும்," என்றார் ரெய்யோ. பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எட்டு வருஷமா."

சூலோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகமும் காப்பிக் கோப்பைக்குள் போய்விட்டது. முதல் மாடிப் பூனை எதனால் இடம் மாறிப் போனது, ரெய்யோ வீட்டு அலமாரியில் தட்டுகள் எதனால் மதியத்தில் தானாக நகர்கின்றன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செப்டம்பரில் அந்த நோட்டீஸைப் பார்த்தபோதும் தெரிந்திருந்தது. டிசம்பரில் அவள் பெட்டியோடு பாலத்தடிக்குப் போனபோதும் தெரிந்திருந்தது.

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

பிர்கித்தா, வகுப்பில் விடை தெரியாத பிள்ளையின் குரலில், "உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்," என்றார்.

அந்த அறையில் பத்துப் பேரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காயப்போட்டிருந்த துணிகள் வழக்கத்துக்கு விரோதமாகச் சீக்கிரம் உலர்ந்துவிட்டன. அவ்வளவு முகம் ஒரே அறையில் சிவந்தால் அப்படித்தான் ஆகும். ரெய்யோ பதிவேட்டில் எழுதினார்: 'குறட்டை குறித்துப் பேசப்பட்டது. அனைவரும் வெட்கப்பட்டனர்.' இரண்டாவது வாக்கியம் சட்டப்படி செல்லுமா என்று பிர்கித்தாவைப் பார்த்தார். பிர்கித்தா அதை விட்டுவிடச் சொன்னார். ஹில்லா வாடகைக்காரி, அவளுக்குக் கூட்டத்தில் இடமில்லை.

சூலோ அங்கிருந்து நேராக மூன்றாம் மாடிக்கு ஏறினார். இந்தத் தடவை கையில் பன் இல்லை. கதவு திறந்தது. நின்றபடியே சொன்னார்.

"நோட்டீஸ்ல எழுதினேனே மாடு, அது உன் வாசிப்பு இல்ல. என் குறட்டை."

அவள் அவரைப் பார்த்தாள். "அந்தச் சத்தமா? ஹீட்டர் குழாய்னு நெனச்சேன்."

"குழாய் இல்ல. நான்."

"அப்ப என் வாசிப்பு?"

"கேட்டதில்ல."

"ஒரு நாள்கூடவா?"

"நீ வாசிக்கிற நேரம் நான் தூங்கிட்டு இருப்பேன்."

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். சிரிக்கப்போகிறாள் என்று ஒரு கணம் நம்பினார். அவள் சிரிக்கவில்லை.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ஜனவரியில."

"இது ஏப்ரல்."

"ஆமா."

"மார்ச்ல நான் மன்னிப்புக் கேட்டேன். பரவால்லன்னீங்க."

"ஆமா."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். இப்பத்தான் கூட்டத்துல சொன்னேன்."

"ஆக, என்கிட்ட கடைசியா," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். எத்தனை மணி ஆகிறது என்று சொல்வது போலச் சொன்னாள். முப்பத்தொரு வருடம் எண்பது மீட்டருக்கு மேல் போகாத மனிதர், இந்தப் பதினெட்டுப் படிக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்.

அவள் உள்ளே போய்த் திரும்பினாள். கையில் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை. பள்ளிக்குப் போக வேண்டிய விலகல் கடிதம். அவள் அதைக் கிழிப்பாள் என்று எதிர்பார்த்தார். கிழிக்கவில்லை, வாசல் பக்கத்து அலமாரியில் சாய்த்து வைத்தாள். "நாளைக்கு அஞ்சு மணிக்குக் கடைசித் தபால். பசூன் பள்ளிக்கூட வாத்தியக் கிடங்குல இருக்கு. மே தினத்துக்கு முந்தின நாள்ங்கறதால மதியம் மூடிடுவாங்க. நீங்களே போய் எடுத்துட்டு வாங்க. எடுத்துட்டு வந்தா வாசிச்சுப் பாக்குறேன். அப்புறம் யோசிக்கிறேன்."

வேறொருவரின் வாத்தியத்தை வாங்க அதிகாரக் கடிதம் வேண்டும். அதில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். அதை அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டு சூலோ படியிறங்கினார். கதவுகள் தட்டுவதற்கு முன்பே திறந்தன. இரண்டு போதும் என்று சொல்லியும் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்பதாவதாகப் பிர்கித்தா ஒற்றுப்பிழை திருத்தினார்.

மறுநாள் கிடங்கில் இருந்தவர் மீசையில்லாத, சிரிப்பில்லாத மனிதர். காகிதத்தைப் படித்தார். திருப்பிக் கொடுத்த வாத்தியத்தை மறுபடி எடுக்கக் காரணம் சொல்ல வேண்டும் என்றார். சூலோ சொன்னார். நோட்டீஸ், மாடு, தவணை, பரவால்ல, எல்லாவற்றையும். கிடங்குக்காரர் படிவத்தில் எழுதிக்கொண்டே, "குறட்டை எந்த ஸ்தாயி?" என்று கேட்டார். தெரியாது, அந்த நேரம் தூங்கிக்கொண்டிருப்பேன் என்றார் சூலோ. அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே மே தினக் கொண்டாட்டத்துக்காக ஊரே ஆற்றங்கரையில் இருந்தது. பலூன், புளித்த எலுமிச்சைப் பானம், எண்ணெயில் பொரித்த பன், வெள்ளைத் தொப்பிகள். பெட்டியோடு ஒரு கிழவரைப் பார்த்ததும் வண்ண உடுப்பு மாணவர்கள் மறித்துக்கொண்டார்கள். ஒருத்தி, "தாத்தா, ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்க," என்றாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கிறவங்களை நிறுத்தத்தான் தெரியும்."

நகைச்சுவை என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஒருவன் அவர் தலையில் காகித மாலை போட்டான். பாலம் முடியும்வரை ஐந்து பேர் பின்னால் வந்து வாழ்த்திக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆறு கிலோப் பெட்டி அவ்வளவு கனக்கவில்லை, வாழ்த்துதான் கனத்தது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒன்பதாம் எண் கதவு பெட்டியை வாங்கிக்கொண்டு சாத்திக்கொண்டது. உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. சூலோ படியில் உட்கார்ந்தார். குழலின் துண்டுகள் பொருந்தும் ஓசை, சீவாளியை நனைக்கும் ஓசை. பிறகு அது ஆரம்பித்தது.

மாடு மாதிரி இல்லவே இல்லை. தொண்டையில் ஏதோ ஒன்றை அடக்கிக்கொண்டு பேசுகிற பெரிய மனுஷர் ஒருவரின் குரல் மாதிரி இருந்தது. நடுவில் தடுக்கியது. நின்று, மறுபடி வந்து, அதே இடத்தில் தடுக்கியது. கிட்டத்தட்ட இரண்டு மாதமாக வாசிக்காத விரல். அதற்கு முன் நான்கு மாதம் குளிரில் விறைத்த விரல். தப்பு விழும் ஒவ்வொரு இடத்திலும் சூலோ கண்ணை மூடிக்கொண்டார். அது யாருடைய தப்பு என்று சொல்லித்தர அங்கே ஆள் தேவைப்படவில்லை.

கீழே ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. கம்பளி சாக்ஸ் போட்ட கால்கள் வந்து படிகளில் அங்கங்கே உட்கார்ந்தன. ஒருவரையொருவர் யாரும் பார்க்கவில்லை. ரெய்யோ சூலோவுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்; பிர்கித்தாவும் வந்து இடம் போதாமல் போனதால் அவரை ஒட்டி நகர வேண்டியதாயிற்று.

வாசிப்பு நின்றது. கதவு திறந்தது. படிக்கட்டு நிறைய இருந்த ஆட்களை ஹில்லா பார்த்தாள். சூலோவிடம் மட்டும் பேசினாள்.

"ரெண்டாவது பக்கத்துல எட்டு எடம் தப்பு."

"நான் எண்ணலை," என்றார்.

"நான் எண்ணினேன். மே பதினஞ்சுக்குள்ள சரியாகுமான்னு தெரியல." அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். உறை அங்கேயே இருந்தது. "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. முதல்லேருந்து வாசிக்கிறேன்."

கதவைச் சாத்தவில்லை இந்தத் தடவை. ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனாள். முதல் பக்கம் மறுபடி தொடங்கியது. மணி இரண்டே முக்கால். எட்டு வருடமாக ஒரு நாள் தவறாத உடம்பு அதன் கணக்கை மறக்கவில்லை. சூலோவின் கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். நாக்கைக் கடித்துக்கொண்டார். தலை மெல்லச் சரிந்து, அடிவயிற்றில் ஏதோ ஒன்று முக்குவதற்குத் தயாரானபோது, ரெய்யோ திரும்பிப் பார்க்காமலேயே முழங்கையால் அவர் விலாவில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.